தொடலாமா, கண்ணு?

என் மகள் எட்டு வாரம் முந்திப் பிறந்தவள். சிங்கப்பூர் மருத்துவமனையில் அவளுக்குப் பயிற்சி தந்த பிசியோதெரபிஸ்டின் பெரிய கைகளைக் கண்டு முதலில் பயந்தேன். ஆனால் அந்தப் பெண்மணி ஒவ்வொரு முறையும் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, “தொடலாமா, கண்ணு?” என்று குழந்தையிடம் கேட்பார். குழந்தை தன்னைத் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருப்பார்.

ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. “அஞ்சு மாசமாச்சுக்கா. பக்கத்து வீட்டுப் பிள்ளை குப்புற விழுந்துட்டான். இவளுக்கு இன்னும் தலையே நிக்கல.”

“மூணு மாசம்தான் லா. வயித்துக்குள்ள இருக்க வேண்டிய ரெண்டு மாசத்தையும் சேர்த்து அவகிட்ட கேக்காதீங்க.”

அவர் பெயரைக்கூட நான் கேட்டுவைக்கவில்லை.

நேற்று தேக்கா சந்தையில் ஐஸ்கிரீம் அப்பிய என் மூன்று வயது மகளின் முகத்தைத் துடைக்கப் போனவள், என்னையறியாமல் கேட்டேன்: “தொடலாமா?”

“வேணாம்” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.