விராலடிப்பானைக் காப்பாற்றப் போனேன்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மார்கழிக் காலை. சுசீந்திரம் பக்கத்தில், தாமரை படர்ந்த ஒரு குளத்தின் கரையில் பைனாகுலரோடு நின்றிருந்தேன். குளிர்காலத்தில் இங்கே விராலடிப்பான் வரும். மீனை மட்டுமே தின்கிற கழுகு போன்ற பறவை. நீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும், மீனைக் கண்டதும் கால்களை நீட்டிக்கொண்டு விழும். பத்து வருடமாகப் பார்க்கிறவன் என்பதால் எந்த நொடியில் விழும் என்றுகூடச் சொல்லிவிடுவேன். அந்தத் தலைக்கனம் எனக்கு உண்டு.

அன்றும் நான் நினைத்த நொடியில் விழுந்தது. ஆனால் எழவில்லை. இறக்கைகளை விரித்தபடி நீரில் கிடந்தது. பெரிய மீனில் நகம் மாட்டிக்கொண்டது, மூழ்கப் போகிறது என்று நானே முடிவு கட்டினேன். குளத்தில் குளித்து வளர்ந்த நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு என்ன பயம்? சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குதித்தேன்.

நான் குளித்து வளர்ந்தது படித்துறையில். இது தாமரைக் காடு. பாதித் தூரத்தில் கால்களைக் கொடி சுற்றியது. உதைத்தேன், இன்னும் இறுகியது. தண்டின் முள் தொடையைக் கீறியது. இரண்டு வாய் தண்ணீர் குடித்ததும் மகளின் முகம்தான் நினைவுக்கு வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அலறினேன்.

லாரி டியூபில் மிதந்தபடி பூப்பறித்துக்கொண்டிருந்த ஒருவர் திரும்பினார்.

"காலை அடிக்காதீங்க சாரே. மலந்து கெடங்க. கையை விரிச்சுப் போடுங்க" என்றார், பதற்றமே இல்லாமல்.

அப்படியே மல்லாந்து கிடந்தேன். கொடி தளர்ந்தது. அவர் துழாவி வந்து, இடுப்பில் செருகியிருந்த கத்தியால் மிச்சத்தை அறுத்துவிட்டு, டியூபைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

"எதுக்கு சாரே எறங்குனிய?"

பறவையைக் காட்டினேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கனத்த மீனு கெடச்சா அது இப்படித்தான். கொஞ்ச நேரம் கெடந்து மூச்சு வாங்கும். பொறவு நீந்திப் போவும். நேத்தும் பாத்தேன்."

அவர் சொல்லி முடிப்பதற்குள், அது இறக்கைகளால் துடுப்புப் போட்டு எதிர்க்கரையில் ஏறியது. காலில் முழ நீள விரால். நனைந்த இறகை உதறிவிட்டு, என்னைச் சட்டை செய்யாமல் தின்ன ஆரம்பித்தது.

இப்போதும் அந்தக் குளத்துக்குப் போகிறேன். எப்போது விழும் என்று இப்போதும் சரியாகவே சொல்வேன். ஆனால் அசையாமல் கிடக்கிற எதையும் தோற்றுப்போனதாக நினைப்பதில்லை. அன்று நானும் அசையாமல் கிடந்ததால்தான் வீடு வந்து சேர்ந்தேன்.