திகதி தவறிய ஹோம் ரன்

கிரேட் ஃபைவ் வகுப்பில் படிக்கும்போது, இனி ஒருவரையும் நம்புவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். ஆதாரம் இல்லாதது வரலாறு இல்லை என்று வகுப்பாசிரியை சொல்லியிருந்தார். அதை நான் கொஞ்சம் கூடுதலாகவே பிடித்துக்கொண்டேன். வகுப்பு வரலாற்றுப் புரொஜெக்ற்றுக்கு நான் தெரிந்தெடுத்தது எங்கள் நகரத்தின் சின்ன பேஸ்போல் அணியின் வரலாறு. பெரிய அணியைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள். இது அதற்கும் முந்தியது. ஒரு காலத்தில் ஏரிக்கரையில் சொந்த மைதானம் வைத்திருந்து, அதை இழந்து, பெயரை மட்டும் காப்பாற்றிக்கொண்டு, இப்போது கிண்ணம்போலப் பள்ளமான ஒரு பூங்காவில் விளையாடுகிறது. வேலி இல்லை, டிக்கெற் இல்லை. புல்சரிவில் குந்தியிருந்து பார்க்கலாம்.

டிக்கெற் இல்லை என்பதால்தான் மாமா அதைக் கண்டுபிடித்தார். மாமா அம்மாவின் தம்பி. ஊரிலிருந்து வந்து இரண்டு வருடம். பார்க்டேல் பகுதியில் எங்கள் வீட்டு ஹோலில்தான் படுக்கை. அவருடைய அகதிக் கேஸ் நடந்துகொண்டிருந்தது. முதல் நாள் விசாரணையில் ஒரு திகதியை மாற்றிச் சொல்லிவிட்டார். இரண்டாம் நாள் மிச்சமிருந்தது. அதிலும் நம்பாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இதையெல்லாம் அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. மாமாவுக்கு ஒரு பரீட்சை இருக்கிறது, கரைச்சல் கொடுக்காதே என்று மட்டும் சொன்னார்கள்.

எனக்கோ சாட்சி தேவைப்பட்டது. நூலகத்தில் கிடைத்ததெல்லாம் ஏரிக்கரைக் காலத்துக் கதை. இப்போதைய அணியைக் கண்ணால் கண்டவர் எங்கள் வீட்டில் மாமா ஒருவர்தான்.

அவர் சொன்னது இது: போன கோடையில், ஜூலை மாதம், ஒருவன் ஹோம் ரன்னாக அடித்த பந்து சரிவைத் தாண்டி, மரத்தைத் தாண்டி, தெருவில் நின்ற காரின் கண்ணாடியை உடைத்தது. அந்தக் கார், பந்தை அடித்தவனுடையதே!

இவ்வளவு வடிவாகப் பொருந்தி வந்தால் அது பொய்யாகத்தான் இருக்கவேண்டும். இரண்டு நாள் விட்டு, ஒன்றும் தெரியாததுபோல மறுபடியும் கேட்டேன்.

“முந்தநாள் ஜூலை எண்டு சொன்னனீங்கள். இப்ப ஓகஸ்ட் எண்டுறீங்கள்.”

“ஏதோ கோடையிலதான், பிள்ளை.”

“மழை தூறினது எண்டும் இப்பதான் சொல்றீங்கள். முதல் ஏன் சொல்லேல்லை?”

புட்டைப் பிசைந்துகொண்டிருந்த மாமாவின் கை அப்படியே நின்றது.

“நீயும் தொடங்கீட்டியே?”

நான் குறித்துக்கொண்டிருந்த கொப்பியை அம்மா பறித்தார். “உவளுக்கு வாய் கூடிப்போச்சு. அவனைச் சாப்பிட விடு!”

எனக்குச் சந்தேகம் இரட்டிப்பானது. உண்மை சொல்கிறவர் ஏன் இப்படி முழிக்கவேண்டும்?

அடுத்த ஞாயிறு மாமாவே என்னைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார். சரிவின் மேலே, மடக்குக் கதிரையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி இருந்தார். யாரும் கேட்காமலே, ஒரு மட்ச் விடாமல் வந்து ஒவ்வொரு பந்தையும் பென்சிலால் குறித்துவைப்பவர். காலடிப் பையில் பழைய கொப்பிகளும் இருந்தன. மாமா ஆங்கிலத்தில் வசனத்தை முடிப்பதற்குள் நான் முந்திக்கொண்டு விசாரித்தேன். போன கோடை முழுதும் மாமாவைச் சரிவில் கண்டிருந்த அவர் சிரித்துக்கொண்டே போன வருடக் கொப்பியைப் புரட்டினார். ஹோம் ரன் இருந்தது. தூறல் இருந்தது. ஓரத்தில், கண்ணாடி உடைந்த ஒரு குட்டிக் காரின் படமும் கீறியிருந்தார். திகதி மட்டும் ஜூன்.

“ஜூன்! நீங்கள் சொன்ன ரெண்டும் பிழை, மாமா!” என்று துள்ளினேன்.

நாள் பிழைத்தால் என்ன, நடந்தது நடந்ததுதானே என்றார் கிழவி. அதை நான் வேண்டாவெறுப்பாகத் தமிழில் சொன்னதும் மாமா என் தோளை இறுக்கிப் பிடித்தார்.

“அவ சொன்னதை எழுதித் தரச்சொல்லு. கையெழுத்தும் போடச்சொல்லு.”

“எனக்குத் தேவையில்லை. கொப்பியைப் படம் எடுத்தாலே காணும்.”

“உனக்கில்லை.”

கிழவி ஒரு தாளைக் கிழித்து எழுதினார்: ‘இந்த மனிதர் அன்று இங்கே இருந்தார். திகதியை மறந்துவிட்டார். கண்டதைத்தான் சொல்கிறார்.’ வீட்டுக்குப் போகும் வழியில், தண்டவாளத்தில் ஓடும் ஸ்ட்ரீட்காரில், அதை மூன்று தரம் தமிழில் சொல்லச் சொல்லி மாமா கேட்டார்.

மறுநாள் அதைத் தன் கேஸை நடத்தும் லோயரிடம் கொண்டுபோனார். பேஸ்போல் கடிதம் லோயருக்கு எதற்கு என்று நான் வயிறு நோகச் சிரித்தேன். அது ஒன்றுக்கும் உதவாது என்பது என்னைவிட மாமாவுக்கு நன்றாகத் தெரியும் என்றும், அவரை நம்பி ஒருவர் எழுதித் தந்த தாள் அது ஒன்றுதான் என்றும் அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.