மச்சான் காருக்கு வைத்த எலுமிச்சை

என் மனைவியின் தம்பி ஃப்ரீமான்ட்டில் எங்கள் வீட்டில் மூன்று வருடம் இருந்தான். அந்த மூன்று வருடத்தில் அவன் சுவரில் மாட்டிய ஒரு அலமாரிகூட நேராக நின்றதில்லை. அப்பேர்ப்பட்டவன், நான் செகண்ட் ஹேண்டில் வாங்கிய, படுக்கை அடுப்பெல்லாம் உள்ள மோட்டர்ஹோமின் பின்னால் தன் காரை ஒரு இரும்புக் கம்பியில் கோத்துவிட்டு, "எல்லாம் பக்கா மாமா" என்றால் நான் நம்ப வேண்டுமாம்!

அவனுக்கு ஆஸ்டினில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். அந்தப் பழைய கியர் வண்டிதான் அவனுடைய ஒரே சொத்து. அது இல்லாமல் டெக்சாஸில் ஆபீஸ் போய் வர முடியாது. சாமான்கள் மோட்டர்ஹோமில், கார் அதன் வாலில் என்று ஏற்பாடு. நான்கு சக்கரமும் ரோட்டிலேயே உருண்டு வரும்.

"வீடியோ பார்த்துத்தானே மாட்டின?"

"ஆமா மாமா. நியூட்ரல்ல போட்டாச்சு, ஹேண்ட்பிரேக்கும் ரிலீஸ் பண்ணியாச்சு."

கம்பியை இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தேன். சந்தேகம் போகவில்லை.

கிளம்பும்போது மனைவி எலுமிச்சம்பழங்களோடு வந்தாள். "காருக்கும் வைங்க. அதுவும்தானே உருளப் போகுது?" அவன் கையை நீட்டினான். இதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று நானே வாங்கி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் குனிந்து குனிந்து வைத்தேன். பழங்கள் நசுங்கக் கிளம்பினோம்.

ஃப்ரீவேயில் என் கண் முழுக்கப் பின்பக்க கேமராவில்தான்.

"கார் ஆடுதுடா."

"அது லேசா ஆடும் மாமா."

லிவர்மோர் தாண்டுவதற்குள் ஒரு டிரக் டிரைவர் ஹார்ன் அடித்து, பின்னால் பார் என்று கை காட்டினார். ஓரம் கட்டி இறங்கினேன். காரின் பின்சக்கரங்கள் இரண்டிலும் புகை. ரப்பர் கருகிய நாற்றம் குமட்டியது.

எனக்கு வந்ததே கோபம். "ஒரு வேலையாவது உருப்படியா செஞ்சிருக்கியாடா? மூணு வருஷம் உட்கார வெச்சு சோறு போட்டதுக்கு எங்களைக் கொல்லப் பார்க்கிறியா?" மனைவி "ஏங்க!" என்றாள். சொல்லியிருக்கக் கூடாதுதான், வாயில் வந்துவிட்டது.

அவன் கார் கதவைத் திறந்தான், உள்ளே பார்த்தபடி சற்று நின்றான். பிறகு கையை விட்டு எதையோ இறக்கினான். டக் என்று ஒரு சத்தம்.

அந்தச் சத்தம் கேட்டதும்தான் எனக்கு நினைவு வந்தது. எலுமிச்சை வைக்கும்போது, இவன் மாட்டிய லட்சணத்தை நம்பிச் சக்கரத்தடியில் கையை விடுவதா என்று ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் இழுத்துவிட்டவன் நான்தான். வைத்து முடித்ததும் இறக்க மறந்துபோனேன்.

"என் தப்புதான்க்கா," என்றான் அவன், என்னைப் பார்க்காமல். "ஹேண்ட்பிரேக் எடுக்க மறந்துட்டேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. எவ்வளவு அசிங்கம்! பக்கத்து ஊரில் அவனே இரண்டு புது டயர் வாங்கிப் போட்டான். அதன் பிறகு ஆஸ்டின் வரை வேறொரு சந்தேகம் என்னை அரித்தது. இவனுக்குத் தெரியுமா, நிஜமாகவே தான் மறந்ததாக நினைக்கிறானா? காபி கொடுத்தான், சிரித்தான், மேப் பார்த்து வழி சொன்னான். ஒன்றும் பிடிபடவில்லை.

திங்கட்கிழமை காலை அந்தக் காரிலேயே வேலைக்குக் கிளம்பத் தயாராக நின்றான். நாங்களும் திரும்பப் புறப்பட்டோம். மனைவி மறுபடி எலுமிச்சையை எடுத்தாள். இந்தத் தடவை அவன் வாங்கிக்கொண்டு மோட்டர்ஹோம் சக்கரத்தடியில் குனிந்தான். நான் ஸ்டியரிங்கில் இருந்தேன்.

"மாமா, ஹேண்ட்பிரேக் போட்டுக்கோங்க. கை உள்ள இருக்கு."

போட்டேன். நான்கு பழத்தையும் வைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்து, மனைவிக்குக் கேட்காத குரலில் சொன்னான்:

"வெச்சாச்சு மாமா. மறக்காம இறக்கிடுங்க."