நாகேஸ்வரனின் பிள்ளைக்குக் கழக்கூட்டத்தில் வேலை

பிள்ளை என்ன செய்கிறான் என்று அக்ரகாரத்தில் யார் கேட்டாலும், "கழக்கூட்டத்திலேயாக்கும், ஐடி பார்க்கிலே" என்பார் நாகேஸ்வரன். அடுத்த கேள்வி வருமுன் அவருக்கு அவசர வேலை வந்துவிடும். சொன்னதில் பொய் இல்லை. அரசாங்க ஆபீசில் பைல் எழுதி ரிட்டையரான மனுஷர். பொய் எழுதாமலே உண்மையை மறைப்பது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

பிள்ளை ஆனந்தகிருஷ்ணனுக்குப் பிறவியிலேயே மூளை வளர்ச்சி கொஞ்சம் மெதுவு. ஒன்று பிடிபட நாளாகும், பிடிபட்டால் விடமாட்டான். சாப்பிட்டதும் தட்டை எடுத்து, எச்சில் போக இடத்தைத் துடைக்க வேண்டும் என்பது அந்த வீட்டு ஆசாரம். அதைக் கைபிடித்துக் கற்றுக்கொடுத்தவரே நாகேஸ்வரன்தான்.

இப்படிப்பட்டவர்களுக்கு வேலை தேடிக்கொடுத்து, கூடவே நின்று பழக்கிவிடும் ஓர் அமைப்பிலிருந்து சபீனா வந்தாள். சாலை என்ற கடைத்தெருப் பக்கத்துப் பெண். வீட்டில் அவன் துடைக்கிற நேர்த்தியைப் பார்த்துத்தான் ஐடி பார்க் கேன்டீனில் மேஜை சுத்தம் செய்யும் வேலை பிடித்துக்கொடுத்தாள். அவனோடு பஸ்ஸில் போனாள். "எடுக்கட்டே சார்?" என்று கேட்ட பிறகே தட்டைத் தொட வேண்டும் என்று பழக்கினாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விலகி, ஒருநாள் வராமலே இருந்தாள். அவன் தனியாகப் போய் வந்தான். அவன் அம்மா நாகலக்ஷ்மி அன்று பாயசம் வைத்தாள். நாகேஸ்வரன் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டுச் சாப்பிட்டார். ஊரார் எச்சிலைப் பிள்ளை எடுக்கிறான் என்று தெரிந்தால் மானம் கப்பலேறிவிடாதா!

அவருடைய ஆபீஸ் சிநேகிதர், மலையாளி ஜெயனின் மகளுக்கும் அதே பார்க்கில் வேலை கிடைத்தது. ஜெயன் விடவில்லை, அவளைக் கொண்டுவிட நாகேஸ்வரனையும் இழுத்துக்கொண்டு போனார். "தன்டெ மோனையும் காணாமல்லோ!" என்றார், உன் பிள்ளையையும் பார்க்கலாமே என்று. அவனுக்கு மீட்டிங் என்றார் நாகேஸ்வரன்.

ஜெயன் சாப்பிட அழைத்துப்போன கேன்டீனில் மூலை மேஜையாகப் பார்த்து உட்கார்ந்தும் பயனில்லை. கையில் துணியோடு வந்த ஆனந்தகிருஷ்ணன் முகமெல்லாம் பல்லாக, "அப்பா!" என்றான்.

"ஆராடோ அது?" என்றார் ஜெயன்.

"அறியில்லா" என்றார் நாகேஸ்வரன், தெரியாதவனைப்போல. எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவானாக இருக்கும் என்றும் சேர்த்துச் சொன்னார், சிரித்துக்கொண்டே.

ஆனந்தகிருஷ்ணன் துணியை மடித்தான். பிறகு விரித்தான். தட்டை எடுக்காமலே போய்விட்டான்.

மறுநாளிலிருந்து கேன்டீனில் அவன் எந்த மேஜைக்கும் போகவில்லை. சுவரோரமாக நின்றான். சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆள் போடுவதாக மேனேஜர் சபீனாவிடம் சொல்லிவிட்டார். அவள் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

"என் தப்புதான் சார். நான் சீக்கிரம் விலகிட்டேன். கூட நின்னிருக்கணும், கேட்டோ" என்றவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

நாகலக்ஷ்மி, "உன்னைச் சொல்லிக் குத்தமில்லேடி" என்றாள். அந்தப் பெண் பழியை ஏற்றுக்கொண்டு போகட்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தார் நாகேஸ்வரன். நினைத்ததும் கூசிப்போனார். இவ்வளவு அற்பமானவனா நான் என்று இருந்தது.

"நான்தான்" என்றார். நடந்ததைச் சொன்னார். நாகலக்ஷ்மி எழுந்து உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

வெள்ளிக்கிழமை ஜெயனைத் தானே அழைத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போனார். பாதியில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, சுவரோரம் நின்றவனைப் பார்த்து, "ஆனந்தா, வாடா" என்று கூப்பிட்டார். தயங்கித் தயங்கி வந்தான். அவர் முகத்தைப் பார்க்காமல், "எடுக்கட்டே சார்?" என்றான்.

"ஜெயா, இது என்டெ மோன்" என்றார் நாகேஸ்வரன், நாலு மேஜைக்குக் கேட்கும்படி. "அப்பாதாண்டா, ஆனந்தா. உன் அப்பா."

ஆனந்தகிருஷ்ணன் ஜெயனைப் பார்த்தான். சுற்றி இருந்தவர்களைப் பார்த்தான். பிறகு குனிந்து, அவர் காதருகே மெதுவாகக் கேட்டான்:

"இங்கே சொல்லலாமா?"