காந்தாவுக்காகக் குத்திய அட்டைகள்

தறிக்கான அட்டையில் ஓட்டை குத்தி முடித்ததும் வீரபத்திரன் உடனே எழுந்திருக்க மாட்டான். ஆட்காட்டி விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, தரையில் சிதறிக் கிடக்கும் வட்டத் துணுக்குகளை ஒவ்வொன்றாக ஒற்றி எடுப்பான். அவன் அவற்றைப் பொட்டு என்பான். பாயின் ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பான். உள்ளங்காலைத் திருப்பி, அங்கே ஒட்டியிருப்பதையும் உரித்தெடுப்பான். எல்லாம் ஒரு பவுடர் டப்பாவுக்குள் போகும். "சோத்துல பொட்டு கெடக்குதுய்யா, எடுத்து நெத்தியில வெச்சிக்கவா?" என்று அவன் மனைவி காந்தா ஒருநாள் கத்தியதிலிருந்து வந்த பழக்கம். இப்போது அவள் கத்துவதில்லை. பழக்கம் மட்டும் மிச்சம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதில் அவளுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் கண் விழித்தவள், பக்கத்தில் நின்றவனைப் பார்த்ததும் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "அண்ணே, எங்க ஊட்டுக்காரரு வெளிய நிக்கிறாரா, கொஞ்சம் பாருங்க" என்றாள்.

வீரபத்திரன் வெளியே போய் வராந்தாவைப் பார்த்துவிட்டு வந்தான்.

அன்றிலிருந்து அவன் அண்ணன்தான். பிறந்த ஊரான முசரவாக்கம் அவளுக்கு நினைவிருந்தது. உலை வைக்கத் தெரிந்தது. தனக்குக் கல்யாணம் ஆனதும் தெரிந்தது. புருஷனின் முகம் மட்டும் போய்விட்டது. அந்நிய ஆண் உள்ளே படுத்தால் அவளுக்குத் தூக்கம் வராது என்று அவன் வாசலில் படுத்துக்கொண்டான்.

பிள்ளையார்பாளையத்தில் பட்டுத் தறிகளுக்கு மேல் ஜக்கார்டுப் பெட்டி ஏறிவிட்ட காலம் அது. சேலையில் வரவேண்டிய பூவைக் கட்டம் போட்ட தாளில் எழுதி, கட்டத்துக்குக் கட்டம் அட்டையில் ஓட்டை குத்தி, அட்டைகளை நூலால் கோத்து, பெட்டியில் மாட்டிவிட்டுப் போவது வீரபத்திரனின் வேலை. ஓட்டை இருந்தால் பெட்டி இழையைத் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. நெய்கிறவன் நினைப்பு எங்கே போனாலும் மயில் மயிலாகவே வரும்.

அந்த வருஷம் நூலகத்தில் ஒரு கூட்டம். தனசேகரன் என்ற கல்லூரி ஆசிரியர் மூளையும் இயந்திரமும் பற்றிப் பேசினார். கணக்குப் போடும் மின்சார மூளை சென்னைக்கே வந்துவிட்டது. ஒருநாள் மனித மூளையும் அதுவும் கம்பியால் ஒன்றாகும். மறந்துபோனதை இயந்திரம் எடுத்துக் கொடுக்கும் என்றார். அதற்குச் சேதி சொல்வது ஓட்டை போட்ட அட்டை என்றதும், பின்வரிசையில் இருந்த வீரபத்திரன் எழுந்துவிட்டான்.

"சார், ஓட்டை இருந்தா ஆமா, இல்லன்னா இல்ல. அப்டித்தானே?"

"அதேதான்!" என்றார் அவர், சந்தோஷமாக.

அந்த ஒரு சொல்லை வீட்டுக்குக் கொண்டுவந்தான். காந்தா மறந்ததை இயந்திரம் எடுத்துக் கொடுக்கட்டும் என்று, வேலை முடிந்த மாலைகளில் கட்டத்தாளை விரித்தான். அவளை முதலில் பார்த்த தாமல் ஏரிக்கரை, தாலி கட்டிய அன்று அணைந்துபோன பெட்ரோமாக்ஸ், பிறந்து பேர் வைக்குமுன் போன குழந்தை. ஒவ்வொன்றையும் பூ எழுதுவதுபோல எழுதிக் குத்தினான். குழந்தையை எழுத மட்டும் நாலு தாளைக் கிழித்தான்.

டீக்கடையில் தறிக்காரன் சிட்டிபாபு விடவில்லை. "இன்னா வீரபத்திரா, சம்சாரத்த தறியில ஏத்தப் போறியாமே? பார்டரு இன்னா கலரு?"

"உன்ன ஏத்துனா தறியே சாஞ்சிபூடும், போய்யா."

அட்டைகளைப் போர்வையில் மூட்டை கட்டி, காந்தாவையும் அழைத்துக்கொண்டு சென்னைக்கு ரயில் ஏறினான். வாலாஜாபாத்தில் வண்டி நின்றதும், "முசரவாக்கம் வந்துடுச்சாண்ணே?" என்று கேட்டாள். முசரவாக்கம் எதிர்த்திசையில் இருந்தது.

சென்னையில், தனசேகரன் சொல்லியனுப்பிய அலுவலகத்தில், கண்ணாடி போட்ட இளைஞன் ஒருவன் வெளியே வந்தான். மூட்டையைப் பார்த்தான். சிரிக்கவில்லை. தன் சட்டைப்பையிலிருந்து ஓட்டை போட்ட ஓர் அட்டையை எடுத்துக் கொடுத்தான். அது தபால் கார்டைவிடக் கொஞ்சம் நீளம்.

"ஐயா, இது சம்பளக் கணக்கு போடற மெஷினு. அவ்ளோதான்."

"மூளையோட சேரும்னாங்களே சார்?"

"சேரலாம். நூறு வருஷம் ஆகலாம்."

வீரபத்திரன் பெஞ்சில் இருந்தவளைத் திரும்பிப் பார்த்தான். "அவ்ளோ நாளு இவ தாங்க மாட்டா சார்."

இளைஞன் ஏரிக்கரை அட்டை ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து, அதில் என்ன இருக்கிறது என்று கேட்டான். கேட்டு முடித்ததும் மெதுவாகச் சொன்னான். "இதெல்லாம் உங்க ஞாபகம் ஐயா. இத ஏத்துனா வர்றது அவங்க இல்ல, நீங்கதான்."

அது வீரபத்திரனுக்கு அதுவரை தோன்றவேயில்லை.

திரும்பும் ரயிலில் காந்தா மூட்டையைப் பிரித்து அட்டைகளைத் தடவினாள். "யாருண்ணே குத்துனது?"

"நான்தாம்மா."

"யாருக்கு?"

"என் சம்சாரத்துக்கு."

"குடுத்து வெச்சவ" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மூட்டையை மூலையில் தள்ளினான். பிறகு அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பகலில் தறி வீடுகளுக்கு அட்டை மாட்டப் போனான். மாலையில் தறிக்காரர்களுக்கு அட்டை குத்தினான், பொட்டுகளை ஒற்றினான். டப்பா மட்டும் நிறையவே மாட்டேன் என்றது. காந்தா அடுப்பில் கொட்டுகிறாள் போலும் என்று விட்டுவிட்டான்.

எழுபத்தொன்று மார்கழியில் அவளுக்கு இழுப்பு வந்தது. கடைசிப் பொழுதில் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் குனிந்தான். "அவரு இன்னும் வரலியாண்ணே?" என்றாள். வந்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தான். அவள் பயந்துவிடுவாள் என்று, "வந்துக்கினே இருக்காரும்மா" என்றான்.

காரியமெல்லாம் முடிந்தபிறகு ஒருநாள் பக்கத்து வீட்டுக் காமாட்சியம்மாள் வந்து உட்கார்ந்தாள். "சொல்லலாமா வேணாமான்னு இருந்தேன்பா. நீ வேலைக்குப் போனதும் தினம் அந்த மூட்டைய பிரிச்சி வெச்சிக்கினு குந்துவா. 'அந்த அண்ணன் நல்ல அட்டையெல்லாம் பொத்தலாக்கி வெச்சிட்டாரு. எங்க ஊட்டுக்காரரு வந்தா கோச்சிக்குவாரு'ம்பா. சோத்துப் பருக்கைய நசுக்கித் தடவி, டப்பாவுல இருக்கற பொட்ட ஒண்ணொண்ணா வெச்சி அடைப்பா. நான் சொன்னா கேக்க மாட்டா."

வீரபத்திரன் மூட்டையை இழுத்துப் பிரித்தான். ஏரிக்கரையும் பெட்ரோமாக்ஸும் முழுக்க அடைபட்டிருந்தன. குழந்தையில் பாதி வரை வந்திருந்தாள்.