மாமா சுரண்டிய மணிக்கூடுகள்

மாமா என்னை அறையை விட்டுத் துரத்திய நாளிலிருந்து நான் அவரோடு கதைக்கவில்லை. எட்டு வயதில் எனக்கு அவ்வளவு ரோசம்.

அவர் அம்மாவின் தம்பி. லண்டன் செவன் கிங்ஸில் எங்கள் வீட்டுச் சின்ன அறையில் இருந்தார். மணிக்கூடு திருத்தும் கடையொன்றில் வேலை. இரண்டாம் உலகப் போர்க்காலத்துக் கைமணிக்கூடுகளின் எண்களில் பூசியிருந்த ரேடியம் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். கடையில் வேறு யாரும் அதைத் தொடமாட்டார்கள். முதலாளி அவற்றையெல்லாம் அள்ளி மாமாவின் பையில் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

"என்னை நம்பித் தந்திருக்கினம்," என்று மாமா அம்மாவிடம் சொன்னார். நாங்களும் பெருமைப்பட்டோம். புதிதாக வந்த குடும்பத்துக்குப் பெருமைப்பட வேறு என்ன இருந்தது?

அந்தப் பூச்சு இருட்டில் ஒளிரும் என்று கேள்விப்பட்டு, ஒரு மணிக்கூட்டை எடுத்துக்கொண்டு உடுப்பு அலுமாரிக்குள் புகுந்தேன். மினுங்கவே இல்லை. போய் முறையிட்டேன்.

"அது எப்பவோ செத்துப்போச்சு பிள்ளை. இனி ஒண்டும் செய்யாது," என்று மாமா சிரித்தார்.

செத்தது ஒளி மட்டும்தான், ரேடியம் அல்ல என்பது அவருக்கும் தெரியாது. சுரண்டிய தூளை வாயால் ஊதித் தள்ளுவார். நானும் போட்டிக்கு ஊதுவேன்.

ஒரு சனிக்கிழமை வேலையால் வந்தவர் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. மேசையில் ஊதிக்கொண்டிருந்த என்னைத் தூக்கிக்கொண்டு போய், கை, வாய் எல்லாம் சவர்க்காரம் போட்டு எரிய எரியக் கழுவினார்.

"இனி இந்த அறைக்கை கால் வைச்சியெண்டால் தெரியும்!"

அன்றே கதவுக்குப் பூட்டுப் போட்டார். ஆளுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று நான் முடிவுகட்டினேன். அவர் வாங்கிவந்த சிப்ஸைத் தொடவில்லை. அவர் பேச வந்தால் டிவியின் சத்தத்தைக் கூட்டினேன். சில வருடங்களில் அவர் நோயில் விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். பார்க்கப் போனபோதும் நான் காரை விட்டு இறங்கவில்லை. அங்கிருந்து அவர் திரும்பி வரவில்லை.

கடையில் கூட வேலை செய்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் அந்தச் சனிக்கிழமைதான் மாமாவிடம் அந்தத் தூள் நஞ்சு என்ற உண்மையைச் சொல்லியிருக்கிறார். வெகுகாலம் கழித்து அம்மா சொன்னார். தெரிந்த பிறகும் மாமாவால் வேலையை விட முடியவில்லை. விசாவுக்கு முதலாளியின் கடிதம் வேண்டியிருந்தது. அந்தப் பூச்சால்தான் நோய் வந்தது என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. கேட்கவும் எங்களில் ஆளில்லை.

பூட்டிய கதவுக்குப் பின்னால் சுரண்டும் சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. என்னைச் சேர்க்காமல் தனியாக ஊதி விளையாடுகிறார் என்று நினைத்து, நான் அந்தக் கதவை உதைத்தேன்.