கிறிஸ்துமஸுக்குக் கலந்த ஜின்

ஜின் எனக்குப் பிடிக்காது. கிறிஸ்துமஸ் மரத்தைக் கிளையோடு பிழிந்து போத்தலில் அடைத்த மாதிரி ஒரு வாடை. போன வருஷம் என் மகன் அதை லங்காவியிலிருந்து வாங்கி வந்தான். அங்கே மலிவாம். மருமகள் கைப்பேசியில் ஒரு வீடியோவைக் காட்டினாள். ஸ்ட்ராபெரியை நசுக்கி, எலுமிச்சை பிழிந்து, ஜின்னும் சோடாவும் ஊற்றி, ரோஜா நிறத்தில் ஒரு ஜாடி.

"கிறிஸ்துமஸுக்கு இப்ப எல்லா வீட்லயும் இதான் அத்தை," என்றாள்.

எந்த எல்லா வீடும் என்று நான் கேட்கவில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பாதி வீடுகளில் வங்காளதேசத்துப் பையன்கள் இருக்கிறார்கள். மீதி வீடுகளில் பீரும் பிராந்தியும்தான். ஆனால் அவளுக்கு அது எங்கள் வீட்டில் முதல் கிறிஸ்துமஸ். கல்யாணம் முடிந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. கிள்ளானிலிருந்து மலையேறி வந்திருக்கிறாள், ஏதோ ஆசைப்படுகிறாள், செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் கவலை வேறு. என் வீட்டுக்காரருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. சர்க்கரை வியாதி செய்த வேலை. வாரத்துக்கு மூன்று முறை டவுனுக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். சிறுநீர் அநேகமாக நின்றுவிட்டது. குடிப்பதெல்லாம் உடம்பிலேயே தங்கும். முதலில் கால் வீங்கும், அப்புறம் மூச்சு வாங்கும். அதனால் காலையில் ஒரு சின்னப் போத்தலில் தண்ணீர் நிரப்பி மேசைமேல் வைப்பேன். நாள் முழுதுக்கும் அதுதான். தேநீர் போட்டாலும் அந்தப் போத்தலிலிருந்து எடுத்துத்தான் போடுவேன். வாசலில் நின்றால் கண்ணுக்கு எட்டிய மட்டும் தேயிலை. அந்தத் தேயிலைக் கொழுந்தை ஆயுசு முழுக்க லோரியில் ஏற்றி ஓட்டிய மனுஷனுக்குப் பால் விடாத தே ஓ அரை கப். இதற்கு யார்மேல் கோபப்படுவது? எனக்கு எல்லார்மேலும் கோபம்தான்.

சாப்பாட்டிலும் ஆயிரம் தடை. வாழைப்பழம் ஆகாது, இளநீர் ஆகாது. அதிலும் பெலிம்பிங் பழத்தை மட்டும் தொடவே கூடாது என்று டயாலிசிஸ் தொடங்கிய முதல் நாளே அங்கிருந்த நர்ஸ் மிஸி சொன்னாள். தமிழ்ப் பெண். நோயாளிக்கு ஊசி குத்திக்கொண்டே பேசினாள்.

"அக்கா, மத்தது மறந்தாலும் இத மறக்காதீங்க. கிட்னி போனவங்களுக்கு பெலிம்பிங் வெஷம். மொதல்ல விக்கல் வரும், நிக்காது. அப்பறம் மூளையப் போயி பிடிக்கும். விக்கல் வந்தா வீட்ல வெச்சுப் பாக்காதீங்க. நேரா இங்க வந்துருங்க."

அந்த நோயாளி இவர்தான். ஊசி ஏறிய கையை நீட்டிக்கொண்டு அதை முழுக்கக் கேட்டார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நோய் வருவதற்கு முன்னால் கிறிஸ்துமஸ் அன்று எங்கள் வீட்டு மேசையில் ஊற்றிக் கொடுக்கிற வேலை அவருடையது. யாருக்கு எவ்வளவு, யாருக்கு நிறுத்த வேண்டும், யாரை மனைவியோடு அனுப்பிவைக்க வேண்டும், எல்லாம் அவருக்குத் தெரியும். ஊற்றுகிறவர் அதிகம் குடிக்கவும் மாட்டார். டயாலிசிஸுக்குப் போன பிறகு அந்த மேசையைத் தொடவில்லை. பண்டிகை அன்று மூலையில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்ப்பார்.

போன கிறிஸ்துமஸில் மருமகள் அவரை எழுப்பி உட்கார வைத்துவிட்டாள். காலையில் பூசை முடிந்து வந்ததும் கூடத்து மேசையில் சாமான்களைப் பரப்பினாள். "மாமா, நீங்க சொல்லுங்க, நான் கலக்குறேன்," என்றாள். மனுஷன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சட்டைக் கையை மடித்துக்கொண்டார். குடிக்கப்போகிறவர் மாதிரி.

ஸ்ட்ராபெரி கியா பார்ம் சந்தையில் வாங்கியது. அடிபட்ட பழம், சின்னது, நல்ல புளிப்பு. எங்கள் ஊர்ப் பழத்தை அப்படியே தின்ன முடியாது. வீடியோவில் சொன்ன சர்க்கரை பத்தாது என்றார் இவர். "அது வெள்ளக்காரன் ஊரு பழம்மா. இதுக்கு இன்னும் போடு." பழத்தை நசுக்க அவளுக்குக் கருவி எதுவும் இல்லை. என் இடிகல்லின் குழவியை எடுத்துப் போனாள். கழுவினாயா என்று அடுக்களையிலிருந்து கத்தினேன். கழுவினேன் என்றாள். கழுவினாலும் பூண்டு வாசனை போகாது, அது என் குழவி, எனக்குத் தெரியாதா.

நான் ஆட்டுக்கறியைக் கிளறிக்கொண்டிருந்தேன். இவர் ஒரு கரண்டியில் அந்தக் கலவையை ஏந்திக்கொண்டு அடுக்களைக்கு வந்தார்.

"ஒரு வாய் பாத்து சொல்லு."

"நான் என்னைக்கு குடிச்சேன்?"

"எனக்குதான் கூடாது. உனக்கு என்ன? சொல்லு, ஆளுங்க வந்துருவாங்க."

நக்கிப் பார்த்தேன். "சளி மருந்து."

"அது எனக்குத் தெரியும். இனிப்பா, புளிப்பா?"

"ரெண்டும்."

"எது முன்ன வருது?"

இன்னொரு முறை நக்கினேன். புளிப்பு முன்னால் வருகிறது, பின்னால் கசக்கிறது, அப்புறம் மூக்குக்குள் ஏறுகிறது என்று சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "செரி, இன்னும் கொஞ்சம் சோடா," என்று கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். பாவமாக இருந்தது. பாவம் பார்த்தாலும் எனக்குக் கோபம்தான் வரும். அடுப்பைத்தான் திட்டினேன்.

மருமகள் இரண்டு ஜாடி கலந்தாள். ஒன்றில் ஜின். இன்னொன்று பிள்ளைகளுக்கு, ஜின் இல்லாமல். நிறம் ஒன்றுதான். ஆகவே நானே போய் ஜின் ஜாடியின் பிடியில் சிவப்பு ரிப்பன் கட்டினேன். ரிப்பன் கட்டியதை இவர் தொடக் கூடாது என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். என் கண் அன்று முழுக்க அந்த ரிப்பன் மேலேயே இருந்தது.

மதியம் உறவுக்காரர்கள் வந்தார்கள். என் கொழுந்தன் ரிங்லெட்டிலிருந்து குடும்பத்தோடு வந்தான். ரோஜா நிறத் தண்ணீரைப் பார்த்ததும், "என்ன அண்ணி, பொம்பளப் புள்ள வயசுக்கு வந்துட்டா? சடங்கு வீடு மாரி சிரப்பு ஊத்துறீங்க?" என்றான். ஒரு மடக்கு குடித்த பிறகு பேச்சு நின்றது. இரண்டாவது தம்ளருக்கு அவனே ஜாடியைத் தூக்கினான். மருமகளுக்கு வாயெல்லாம் பல். இவருக்கும்தான்.

ஜெபம் சொல்லி முடித்ததும் அவள் ஒரு சின்னத் தம்ளரை இவர் கையில் கொடுத்ததைப் பார்த்தேன். ரிப்பன் இல்லாத ஜாடியிலிருந்து ஊற்றினாள். கால் தம்ளர்தான். அன்றைய தண்ணீரில் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்று நினைத்து நான் சோறு போடப் போனேன். பின்னால் எல்லாரும் கைதட்டுகிற சத்தம் கேட்டது.

சாயங்காலம் நெருங்கும்போது இவருக்கு விக்கல் வந்தது.

"அண்ணன யாரோ நெனைக்கிறாங்க," என்றான் கொழுந்தன். "பழைய ஆளு போல."

"நெனைக்கிறவ வந்து கூட்டிட்டு போவட்டும்," என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

விக்கல் நிற்கவில்லை. ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். சர்க்கரை போடு, மூச்சைப் பிடி, பயமுறுத்து, தண்ணி குடு. கொழுந்தன் பெண்டாட்டி ஒரு பெரிய கப் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அவர் வாயருகே வைத்தாள். அவர் வாங்கப் போனார். பிடுங்கிக் கொட்டினேன். ஒரு நாள் தண்ணீர் அது. அவள் முகம் சுருங்கிப் போனது.

அப்போதுதான் மேசையைப் பார்த்தேன். சாப்பாட்டு நேரத்தில் ஜாடியின் ரிப்பனை மட்டுமே பார்த்தவள் இப்போது ஜாடிகளுக்குள்ளும் பார்த்தேன். இரண்டிலும் மஞ்சள் நட்சத்திரங்கள் மிதந்தன. தம்ளர்களின் விளிம்பிலும் ஒவ்வொரு நட்சத்திரம் செருகியிருந்தது. இவருடைய தம்ளரில் மட்டும் இல்லை.

"இது என்ன பழம்?" என்று மருமகளைக் கேட்டேன்.

"பெலிம்பிங் அத்தை. வர்ற வழியில தாப்பாவுல வாங்கினோம். குறுக்க வெட்டுனா ஸ்டார் மாரி வரும். கிறிஸ்துமஸ் ஸ்டார்."

மகனைப் பார்த்தேன். அவனுக்குத் தெரியும், நான் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். அவன் ஜாடியைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், உடனே கார் சாவியைத் தேட ஆரம்பித்தான். பெண்டாட்டிக்குச் சொல்லாதவன் அவன். பழம் வாங்கும்போது காரில் தூங்கிக்கொண்டிருந்தானாம், மேசையில் அதைக் கவனிக்கவும் இல்லையாம்.

"அப்பாவ ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போறோம், நீ வீட்டப் பாரு," என்று மட்டும் அவளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். மகன் ஓட்டினான், கொழுந்தன் முன்னால், நான் இவரோடு பின்னால்.

தோட்டத்துச் சாலை ஒரு காருக்குத்தான் அகலம். பள்ளி விடுமுறை. தேயிலையைப் படம் பிடிக்க வந்தவர்கள் வளைவுக்கு வளைவு காரை நிறுத்திவிட்டு இறங்கி நின்றார்கள். மேலே போகிறவன் இறங்க விடமாட்டான், கீழே வருகிறவன் ஏற விடமாட்டான். மகன் ஹார்ன் அடித்துப் பார்த்தான். ஒருவன் வந்து கண்ணாடியைத் தட்டி, மேலே டீக்கடை திறந்திருக்கிறதா என்று கேட்டான். என் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுத முடியாது. கொழுந்தன் இறங்கி முன்னால் நடந்து, ஒவ்வொரு காராகத் தட்டி ஒதுக்கினான். ஒரு கார் நகர்ந்தால் அந்த இடத்தில் இன்னொன்று வந்து சொருகிக்கொண்டது. நான் என்ன செய்ய? இறங்கி அவரைத் தூக்கிக்கொண்டு ஓடவா?

"தின்னீங்களா?" என்று கேட்டேன்.

"ஒரே ஒரு துண்டு."

"வெட்டும்போது பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க. மிஸி சொன்னது தெரியும்ல?"

"தெரியும்."

"அப்பறம் ஏன்?"

விக்கல் விட்டுவிட்டு வந்தது. நடுநடுவே சொன்னார். "புள்ள ஆசையா சொருகிக் குடுத்துச்சு. எல்லாரும் பாத்துகிட்டு நிக்கிறாங்க. மாமா கடிங்க கடிங்கன்னு கை தட்றா. எடுத்துப் போடும்மான்னு எப்படி சொல்றது?"

"வாயத் தொறந்து சொல்றது."

"அவளுக்கு மொத கிறிஸ்துமஸ்."

"உங்களுக்கு கடைசியா ஆயிரும்லா."

அவர் ஜன்னல் வழியே தேயிலையைப் பார்த்தார். "கொழுந்து ஏத்தியாச்சா?" என்று கேட்டார். நான் கோபத்தில் கவனிக்கவில்லை. மறுபடி கேட்டார். "ஆபீஸ் கிராணி கத்துவாரு. ஏத்தியாச்சான்னு கேளு." கையை முன்னால் நீட்டி, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தார். அந்த வளைவுகளை அவர் கை மட்டும் சரியாகத் திருப்பிக்கொண்டிருந்தது. கார் நின்ற இடத்திலேயே நின்றது. ஏத்தியாச்சு, போலாம் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது?

எப்படியோ டவுனுக்கு வந்து சேர்ந்தோம். டாக்டர் கேட்டதும் பழத்தின் பெயரைச் சொன்னேன். அதற்குமேல் எதுவும் கேட்காமல் உடனே மெஷினில் போட்டார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து உள்ளே விக்கல் கேட்கிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஜெபமாலையை வீட்டிலேயே விட்டு வந்துவிட்டேன். விரலை எண்ணி ஜெபித்தேன். பாதியில் கடவுளையும் திட்டினேன்.

மறுநாள் காலையில் அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. முதலில் கேட்டது, "அந்தப் புள்ளைக்குத் தெரியுமா?"

"என்னது?"

"பழத்தாலதான்னு. சொல்லிராத. சோடா ஒத்துக்கல, ஆட்டுக்கறி ஒத்துக்கலன்னு ஏதாவது சொல்லு."

"என் கறிமேல பழி போடணுமா?"

"நீதான் தாங்குவ."

பக்கத்துக் கட்டிலில் ஆள் இருந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மத்தியானம் மகனோடு அவள் வந்தாள். கண் வீங்கியிருந்தது. கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு, "என்னாலயா அத்தை?" என்று கேட்டாள். இவர் என்னையே பார்த்தார். அப்படிக் கெஞ்சி அவர் யாரையும் பார்த்ததில்லை, தோட்டத்துத் துரையைக்கூட.

எனக்குச் சுற்றிவளைத்துப் பேசத் தெரியாது. தெரிந்தாலும் பேசியிருக்க மாட்டேன். இன்னொரு பண்டிகை வரும், இன்னொரு தம்ளர் வரும்.

"பழத்தாலதாம்மா. பெலிம்பிங் அவருக்கு வெஷம். உனக்குத் தெரியாது, யாரும் சொல்லல. உன் புருசனுக்குத் தெரியும். இந்த மனுஷனுக்கும் தெரியும். தெரிஞ்சேதான் தின்னாரு. திட்றதா இருந்தா அவர திட்டு."

அவள் திட்டவில்லை. "ஏன் மாமா?" என்று மட்டும் கேட்டாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் அங்கேயே நின்று அழுதாள். நான் அவளைத் தொட்டுச் சமாதானம் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அது வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு இவர் என்னிடம் பேசவில்லை. கொழுந்தன் வந்தால் பேசினார். மருமகள் கிள்ளானிலிருந்து தினமும் போனில் கூப்பிட்டாள். அவளிடம் சிரித்துச் சிரித்துப் பேசினார். நான் கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவார். சரி, ஆட்டட்டும். சோறு போட்டேன், மருந்து கொடுத்தேன், டவுனுக்கு வேன் ஏற்றிவிட்டேன். மிச்சமிருந்த ஜின்னைக் கொட்டலாம் என்று எடுத்து, அவர் பார்ப்பதைக் கண்டு மறுபடி அலமாரிமேல் வைத்தேன். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. இந்தக் கிறிஸ்துமஸுக்கு யார் வீட்டில் யார் ஆசையாக எதை நீட்டுவார்கள், அதை இவர் எந்த முகத்துக்காக வாயில் போடுவார் என்று எனக்குத் தெரியாது. ஜாடிக்கு ரிப்பன் கட்டலாம். அவர் வாய்க்கு என்ன கட்டுவது?

ஒரு பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் தண்ணீர் கொட்டுகிற சத்தம். அவர் மேசையைப் பார்த்தார். போத்தல் காலி.

"தண்ணி," என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

இன்றைக்கு உண்டானது முடிந்துவிட்டது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். எழுந்து போய் ஒரு ஐஸ்கட்டி எடுத்துவந்து அவர் கையில் வைத்தேன். வாயில் போட்டுக்கொண்டு மழையைப் பார்த்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அது கரைகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.